கோயிலுக்கும் சங்கத்துக்கும் தரவுத்தளம் கட்டும் தம்பி தங்கைகளுக்கு

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இடைப்பட்ட ஊர்களிலும் கோயில், சங்கம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று பொதுக்காரியத்துக்குத் தரவுத்தளம் கட்டித் தரும் இளையோருக்கு,

பகலில் சைபர்ஜெயாவிலோ பங்சார் சவுத்திலோ ஏதோ ஒரு நிறுவனத்துக்கு நிரல் எழுதுகிறீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியைத் திறந்து கோயில் உறுப்பினர் பட்டியலைச் சீர்செய்கிறீர்கள். இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை, நீங்களும் கேட்டதில்லை. தடித்த நோட்டுகளிலும் ரசீதுக் கட்டைகளிலும் கிடந்த விவரங்கள் கணினிக்குள் வந்தது உங்களால்தான். அந்த நன்றியோடும், இதே வேலையில் உங்களுக்கு முன்னால் வந்தவன் என்ற உரிமையோடும் இதை எழுதுகிறேன். அட்டவணைகளுக்கும் அவற்றின் புலங்களுக்கும் நீங்கள் வைக்கும் பெயர்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பெயர்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுவனத்தில் அப்படி நினைத்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். மூத்தவர் ஒருவர் பார்த்துத் திருத்துவார். சங்கத்தில் அந்த ஆள் கிடையாது. நிர்வாகக் குழு மாறும். நீங்கள் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போவீர்கள், அல்லது கல்யாணமாகிப் பினாங்கில் குடியேறுவீர்கள். அடுத்து வரும் பிள்ளை தரவுத்தளத்தைத் திறந்தால் ‘அஹ்லி’, ‘அஹ்லி2’, ‘அஹ்லி_லேட்டஸ்ட்’, ‘மெம்பர்நியூ’ என்று ரோமன் எழுத்தில் நான்கு அட்டவணைகள் கிடக்கும். எது உண்மையான உறுப்பினர் பட்டியல் என்று கேட்கவும் ஆள் இருக்காது. அதே நேரத்தில் செயலாளருக்கு எண்ணிக்கை உடனே வேண்டும். 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி பதிவு பெற்ற சங்கம், ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை கொடுத்தாக வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. புலத்துக்கு நீங்கள் வைக்கும் பெயரைப் பார்த்துத்தான் விவரம் பதிகிறவர் அதற்குள் எதைப் போடுவது என்று முடிவு செய்கிறார். பெயர் பொருந்தாமல் போனால் மனிதரின் விவரமும் பொருந்தாமல் போகும். நம் மக்களுக்கு அது அன்றாடம் நடக்கிறது.

முனியாண்டி அ/லெ ஆறுமுகம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். மைகார்ட் என்ற நம் அடையாள அட்டையில் நம் பெயர்கள் இப்படித்தான் இருக்கின்றன: சொந்தப் பெயர், பிறகு மகன் அல்லது மகள் என்று காட்டும் சாய்கோட்டுக் குறி, பிறகு தகப்பன் பெயர். இணையத்தில் கிடைத்த மாதிரியை அப்படியே எடுத்து ‘ஃபர்ஸ்ட்_நேம்’, ‘லாஸ்ட்_நேம்’ என்று இரண்டு புலம் போட்டுவிட்டீர்கள். பதிவு மேசையில் உட்காரும் தன்னார்வலர் ஒருவர் முதல் புலத்தில் முனியாண்டி, இரண்டாவதில் ஆறுமுகம் என்று போடுவார். அடுத்தவர் சாய்கோட்டுக் குறியையும் இரண்டாவது புலத்தில் சேர்ப்பார். மூன்றாமவர் முழுப் பெயரையும் முதல் புலத்தில் அடித்துவிட்டு, இரண்டாவதைக் காலியாக விட முடியாததால் ஒரு புள்ளி வைப்பார். பிறகு சந்தா நினைவூட்டுக் கடிதம் அச்சாகும்போது ‘அன்புள்ள திரு ஆறுமுகம்’ என்று வரும். ஆறுமுகம் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கலாம். மகனுக்கு வரவேண்டிய கடிதம் மறைந்த தகப்பன் பெயரில் அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறது. அதைக் கையில் வாங்குகிற தாயின் முகத்தை யோசித்துப் பாருங்கள். பெண்களுக்கு இன்னும் மோசம். கல்யாணத்துக்குப் பிறகும் அவர்களுடைய அடையாள அட்டையில் தகப்பன் பெயர்தான்; அவர்களைத் ‘திருமதி’ போட்டுத் தகப்பன் பெயரால் அழைக்கிறது உங்கள் செயலி.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் என்றும் எண்ண வேண்டாம். மலாய்க்காரர்களின் பின், பிந்தி முறையும் தகப்பன் பெயரைத்தான் பின்னால் வைக்கிறது. சீனர்களின் குடும்பப் பெயர் முதலில் வருகிறது. சரவாக்கின் ஈபான் மக்கள் அனாக் என்று எழுதித் தகப்பன் பெயரைச் சேர்க்கிறார்கள். குடும்பப் பெயர் கடைசியில் வரும் வழக்கமுள்ளவர்கள் இந்த நாட்டில் சிறு தொகையினர். மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு ‘லாஸ்ட்_நேம்’ என்று ஒரு புலம் வைக்க நியாயமே இல்லை. ஒரே புலம் போதும்: ‘நாமா_பெனூ’. அடையாள அட்டையில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அதற்குள் வரட்டும்.

அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு புலம் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று ‘நாமா_பாங்கிலான்’, அவரை எப்படி அழைப்பது என்பதற்கு. கடிதமும் புலனச் செய்தியும் அந்தப் பெயரில் போகட்டும். மற்றது ‘நாமா_தமிழ்’. தமிழ் எழுத்தில் அவர் பெயர் எப்படி என்று அவரிடமே கேட்டுப் பதியுங்கள். ரோமன் எழுத்திலிருந்து ஊகித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். லெட்சுமி என்ற ஒரு பெயரைப் பதிவு அலுவலகக் குமாஸ்தாக்கள் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று தோட்டத்துப் பிறப்புப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த எழுத்துகளிலிருந்து ல, ள, ழ எதுவென்று எந்த நிரலும் மீட்டுத் தராது.

தமிழ்ப்பள்ளிக்காக எழுதுகிறவர்கள் ‘நாமா_பாப்பா’, ‘நாமா_இபு’ என்று பெற்றோர் இருவருக்கும் தனிப் புலம் வையுங்கள். மாணவரின் பெயரைச் சாய்கோட்டில் வெட்டி, பின்பாதியைத் தகப்பன் பெயராக எடுத்துக்கொள்ளும் குறுக்குவழி வேண்டாம். அந்தக் குறி இல்லாத அடையாள அட்டைகளும் இருக்கின்றன. சாய்கோட்டைப் பற்றி இன்னும் ஒன்று: உறுப்பினர் படத்தை அவர் பெயரிலேயே கோப்பாகச் சேமிக்காதீர்கள். கணினிக்குச் சாய்கோடு கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. முனியாண்டியின் படத்தைச் சேமிக்கச் சொன்னால் முனியாண்டி என்று தொடங்கும் ஒரு கோப்புறையை அது தேடும். உறுப்பினர் எண்ணே படத்துக்கும் பெயராக இருக்கட்டும்.

அடுத்தது அடையாள அட்டை எண். ‘ஐசி’, ‘நோ_ஐசி’, ‘என்ஆர்ஐசி’, ‘மைகார்ட்’, ‘நோ_கேபி’ என்று ஒரே தரவுத்தளத்தில் ஒரே விவரத்துக்கு இத்தனை பெயர் பார்த்திருக்கிறேன். ‘நோ_கேபி’ போதும், அரசாங்கப் பாரங்களில் இருப்பதும் அதுதான். ஆனால் அந்தப் பெயரில் ஒரு பொறி உண்டு. எண் என்று சொல்கிறதே என்று புதியவர் அதை எண் வகைப் புலமாக்கிவிடுவார்.

அது பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம், கோலாலம்பூருக்கு 14, சிலாங்கூருக்கு 10 என்பதுபோல. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். எண் வகைப் புலத்தில் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். இன்று உங்கள் இளைஞர் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள்தான். மைஎஸ்கியூஎல்லில் சாதாரண முழுவெண் வகை 2147483647-ஐத் தாண்டாது. கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட பழைய சர்வர் என்றால், தாண்டும் எண் எதுவானாலும் அந்த உச்ச எண்ணையே பதிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஊரில் எல்லாருக்கும் ஒரே அடையாள அட்டை எண். எக்செல் வேறு வகையில் கெடுக்கும். பன்னிரண்டு இலக்கத்தைச் சாதாரணக் கட்டத்தில் அடித்தால் 8.80101E+11 என்பதுபோலச் சுருக்கிக் காட்டும். அதை அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் பின்பகுதி இலக்கங்கள் போனது போனதுதான். ஆகவே ‘நோ_’ என்று தொடங்கும் புலம் எல்லாமே உரை வகை என்று உங்கள் விதியில் எழுதிவிடுங்கள். தொலைபேசிக்கு ‘நோ_டெல்’, அதுவும் பூஜ்யத்தில்தான் தொடங்கும். அஞ்சல் குறியீடும் இதே கதை. பிரிக்ஃபீல்ட்ஸுக்கு 50470, கிள்ளான் 4-இல் தொடங்கும் என்பதால் இங்கே யாருக்கும் கோளாறு தெரியாது. அலோர் ஸ்டாரிலிருந்து 05000 என்ற முகவரியோடு ஒருவர் வந்து சேரும் நாளில்தான் தெரியும்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ‘நோ_கேபி’யை அட்டவணையின் முதன்மைத் திறவாக வைக்காதீர்கள், காலியாக விடக்கூடாத புலமாகவும் ஆக்காதீர்கள். நம் சமூகத்தில் அடையாள அட்டையே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்ட பெற்றோரின் பிள்ளைகள்; அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள். 2011-இல் மைடஃப்தார் என்ற பெயரில் இந்தியர்களுக்கென்றே ஒரு பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது என்றால் அந்தச் சிக்கலின் ஆழத்தைப் புரிந்துகொள்ளலாம். அரசாங்கக் கணினியில் இடமில்லாத ஒருவர் கோயிலுக்கு வந்து, வரிசையில் நின்று, தன் பிள்ளையை ஞாயிறு வகுப்பில் சேர்க்கக் கேட்கிறார். அங்கேயும் ‘இந்தப் புலம் கட்டாயம்’ என்று சிவப்பு எழுத்தில் திரை அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. நீங்களே வழங்கும் ஓர் எண்ணை ‘அஹ்லி_ஐடி’ என்று வைத்து அதைத் திறவாக்குங்கள். சந்தா அட்டவணையிலும் நன்கொடை அட்டவணையிலும் அதே ‘அஹ்லி_ஐடி’ என்ற பெயரே வரட்டும். ஓரிடத்தில் ‘ஐடி’, இன்னோரிடத்தில் ‘அஹ்லிநோ’ என்று மாற வேண்டாம். இன்னொரு நன்மையும் கிடைக்கும்: அடையாள அட்டை எண் ஓர் அட்டவணையில் மட்டும் இருக்கும், ரசீதிலும் வருகைப் பதிவிலும் சிதறிக் கிடக்காது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி 2013-இல் நடப்புக்கு வந்தது. அது வணிகப் பரிமாற்றங்களுக்கான சட்டம்தான் என்றாலும், கோயிலை நம்பி எண்ணைக் கொடுத்தவருக்கு அதைவிடக் குறைந்த பாதுகாப்பைக் கொடுக்கலாமா?

பெரிய எழுத்து, சிறிய எழுத்து விவகாரத்துக்கு வருவோம். நம் எழுத்தில் அந்தப் பிரிவே இல்லாததால் அது அழகு சம்பந்தப்பட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். கணினிக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு தரவுத்தளமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. மேற்கோள் குறி இல்லாத பெயர்களைப் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எஸ்கியூஎல் தரத்தின் விதி. ஆரக்கிள் அப்படியே செய்கிறது. போஸ்ட்கிரஸ் நேரெதிராக எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கும். மைஎஸ்கியூஎல்லில் அட்டவணைப் பெயர் வட்டிலுள்ள கோப்போடு சம்பந்தப்பட்டது. ஆகவே கணினியின் கோப்பு முறை என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் வேறு வேறாகப் பார்க்கும்.

அதனால்தான் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. தம்பி தன் விண்டோஸ் மடிக்கணினியில் ‘அஹ்லி’ அட்டவணையை முதல் எழுத்துப் பெரிதாக உருவாக்கி, நிரலில் எல்லாவற்றையும் சிறிதாக எழுதுகிறார். வீட்டில் நன்றாக ஓடுகிறது. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் வாடகை சர்வரில் ஏற்றுகிறார், அது லினக்ஸ். அப்படி ஓர் அட்டவணையே இல்லை என்று பதில் வருகிறது. பால்குடம் எடுப்பவர்களின் பதிவு நின்றுபோய், குழுவினர் மறுபடியும் நோட்டைத் திறக்கிறார்கள். அதற்குப் பிறகு கணினியை நம்பச் சொன்னால் பெரியவர்கள் எப்படி நம்புவார்கள்? அமைப்பில் ஒரு மதிப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். மைஎஸ்கியூஎல் 8.0-இலிருந்து அந்த மதிப்பை சர்வரை முதன்முதலில் நிறுவும்போது மட்டுமே வைக்க முடியும். வாடகை சர்வரில் அது உங்கள் கையில் இல்லை.

போஸ்ட்கிரஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு தொல்லை. சில நிரல் கட்டமைப்புகள் பெயர்களை மேற்கோள் குறிக்குள் போட்டே அட்டவணையை உருவாக்குகின்றன. ‘நாமாபெனூ’வில் இரண்டு பெரிய எழுத்து வைத்து அப்படி உருவாக்கிவிட்டால், அன்றிலிருந்து அதைத் தொடுகிற ஒவ்வொருவரும் மேற்கோள் குறி போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் அந்தப் புலம் இல்லை என்று சொல்லும், கண்முன்னே இருந்தாலும். இத்தனைக்கும் ஒரே மருந்து போதும்: அட்டவணைப் பெயர், புலப் பெயர் எல்லாம் சிறிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு, இடைவெளியோ மேற்கோளோ கிடையாது. எந்தத் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோனாலும் அது ஓடும். எஸ்கியூஎல் கட்டளைச் சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கட்டளை எது, உங்கள் பெயர் எது என்று கண் உடனே பிரித்துக்கொள்ளும்.

ஆட்களின் பெயரில் இந்த எழுத்து மாற்றத்தைச் செய்யாதீர்கள். மைகார்ட்டில் எல்லாம் பெரிய எழுத்து. அதை அழகுபடுத்துகிறேன் என்று சொல்லுக்குச் சொல் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் கட்டளையை ஓட்டினால், போஸ்ட்கிரஸ் சாய்கோட்டைச் சொல்லின் எல்லையாக எடுத்துக்கொண்டு நம் குறியின் இரண்டு எழுத்தையும் பெரிதாகவே வைக்கும். வேறு மொழிகளின் கட்டளைகள் வேறு விதமாகச் செய்யும். பதிந்ததைத் தொடாமல் விட்டு, திரையில் காட்டும்போது மட்டும் உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள்.

எந்த மொழியில் பெயர் வைப்பது? ‘நாமா’, ‘அட்ரஸ்’, ‘தாரிக்_லாஹிர்’, ‘ஃபோன்’ என்று பாதி மலாய், பாதி ஆங்கிலம் கலந்த அட்டவணைகள்தான் இங்கே எங்கும். நாம் பேசுவதும் அப்படித்தான், அது நம் ஊரின் இயல்பு. அட்டவணையில் மட்டும் அது ஆகாது. தேடுகிறவர் ‘அட்ரஸ்’ என்று தேடுவாரா, ‘ஆலாமாட்’ என்று தேடுவாரா? என் தீர்ப்பு மலாய். சங்கப் பதிவிலாகாவின் பாரம், பள்ளிப் பாரம், மருத்துவமனைப் பாரம் எல்லாம் அந்த மொழியில் இருக்கின்றன. அடுத்து வரும் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் அதை வாசிப்பார். இரண்டு சௌகரியங்களும் உண்டு. ‘ஆர்டர்’, ‘குரூப்’, ‘யூசர்’ போன்ற ஆங்கிலச் சொற்களைத் தரவுத்தளங்கள் தமக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதால் அவற்றை வைத்துவிட்டுப் பிழைச்செய்தியோடு மல்லுக்கட்ட நேரும். மலாய்ச் சொற்களில் அந்தத் தொல்லை இராது. அட்டவணைப் பெயர் ஒருமையா பன்மையா என்று உலகமெங்கும் நிரலாளர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். ‘அஹ்லி’ ஒருவரையும் குறிக்கும், ஆயிரம் பேரையும் குறிக்கும். லாராவெல் என்ற நிரல் கட்டமைப்பைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது வகுப்பின் பெயரை ஆங்கில முறையில் பன்மையாக்கி ‘அஹ்லிஸ்’, ‘டெர்மாஸ்’ என்று அட்டவணையைத் தேடும். அட்டவணைப் பெயரை வெளிப்படையாக எழுதிவிட்டால் அந்தக் கூத்து இல்லை.

தமிழிலேயே புலப் பெயர் வைக்கக்கூடாதா என்று சிலர் ஆர்வத்தோடு கேட்கிறீர்கள். அந்த ஆசை எனக்கும் பிடிக்கும். போஸ்ட்கிரஸ் தமிழ்ப் பெயரை மேற்கோள் இல்லாமலே ஏற்றுக்கொள்ளும். ஆனால் பெயரின் நீளம் 63 பைட்டைத் தாண்டக்கூடாது என்பது அதன் எல்லை. யூனிகோட்டின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘உறுப்பினர்_சேர்ந்த_நாள்’ என்று வைத்துப் பாருங்கள். 21 தமிழ்க் குறிகள், இரண்டு அடிக்கோடு, மொத்தம் 65 பைட். போஸ்ட்கிரஸ் கடைசிக் குறியை வெட்டிவிடும். வெட்டப்படுவது ‘ள்’ மேலிருக்கும் புள்ளி. ‘நாள’ என்று ஒரு புலம் நிற்கும். இன்னும் நுணுக்கமான ஆபத்து ‘தொகை’ போன்ற சொற்களில் இருக்கிறது. ‘தொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான்; தரவுத்தளத்துக்கு இரண்டு வேறு பெயர். பிழை எங்கே என்று விடியும்வரை தேடினாலும் திரையில் தெரியாது. ஆகவே தமிழை அதற்குரிய இடத்தில் வையுங்கள்: பதிவாகும் விவரத்தில், திரையின் தலைப்புகளில், ஒவ்வொரு புலத்துக்கும் எழுதும் விளக்கக் குறிப்பில். போஸ்ட்கிரஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் புலத்தோடு சேர்த்தே குறிப்பு எழுதி வைக்கக் கட்டளை உண்டு. ‘நோ_கேபி’க்குப் பக்கத்தில் ‘அடையாள அட்டை எண், கோடில்லாமல், உரை வகை, இல்லாதவர்க்குக் காலி’ என்று தமிழில் எழுதினால் பொருளாளரும் வாசிப்பார்.

நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 2021-இல் சுகாதார அமைச்சு கோவிட் விவரங்களை கிட்ஹப்பில் பொதுவில் வைத்தது. நாடு முழுதும் இளைஞர்கள் அதை எடுத்து வரைபடங்கள் கட்டினார்கள். உங்களில் சிலரும் கட்டியிருப்பீர்கள். புலப் பெயர்களை நினைத்துப் பாருங்கள்: ‘கேசஸ்_நியூ’, ‘கேசஸ்_ரிகவர்ட்’, ‘கேசஸ்_ஆக்டிவ்’. எல்லாம் சிறிய எழுத்து, அடிக்கோடு, பொதுச்சொல் முன்னால், வேறுபடுத்தும் சொல் பின்னால். அகர வரிசையில் அடுக்கினால் ஓரினமானவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். தடுப்பூசி நிலை பிற்பாடு சேர்ந்தபோது அவையும் ‘கேசஸ்_’ என்றே தொடங்கின. நீங்களும் அப்படியே ‘தாரிக்_லாஹிர்’, ‘தாரிக்_மாசோக்’, ‘தாரிக்_பாயார்’ என்று தேதிகளை ஒரு குடும்பமாக வைக்கலாம். பணத்துக்கு அலகையும் பெயரிலேயே சொல்லுங்கள்: ‘ஜும்லா_சென்’ என்றால் ரிங்கிட்டா சென்னா என்ற சந்தேகமே எழாது.

கோயில்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அர்ச்சனைச் சீட்டுக்கு ராசியும் நட்சத்திரமும் வாங்குகிறீர்கள். அதைக் கையால் அடிக்கும் உரைப் புலமாக விட்டால் உத்திரம், உத்திராடம், உத்திரட்டாதி மூன்றும் ரோமன் எழுத்தில் குழம்பி, அர்ச்சகர் வேறு நட்சத்திரத்தைச் சொல்லி அர்ச்சனை செய்வார். 27 நட்சத்திரத்துக்கும் 12 ராசிக்கும் தனித்தனி அட்டவணை வைத்து, உறுப்பினர் அட்டவணையில் ‘நட்சத்திரம்_ஐடி’யும் ‘ராசி_ஐடி’யும் மட்டும் இருக்கட்டும். பள்ளிகளுக்கும் இதே வழி. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். கிள்ளான் சிம்பாங் லீமா பள்ளியை ஒருவர் எஸ்ஜேகேடி என்று சேர்த்து எழுதுவார், ஒருவர் அடைப்புக்குறி போடுவார், ஒருவர் தமிழ்ப்பள்ளி என்று ஆங்கிலத்தில் எழுதுவார். கல்வி அமைச்சு ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு குறியீடு தந்திருக்கிறது. ‘கோட்_செகோலா’ என்று அதை வையுங்கள்.

இப்படி ஒரு முறைக்குக் கூடி உடன்படுவது நமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் தமிழ் மென்பொருள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒருவர் அனுப்பியதை மற்றவர் வாசிக்க முடியாது. எண்பதுகளிலிருந்து முரசு அஞ்சலை உருவாக்கி வந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர்தான். டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் வந்தது, 1999 சென்னை மாநாட்டில் டாப், டாம் வந்தன, 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. பலர் தங்கள் முறையை விட்டுக்கொடுத்து யூனிகோட்டுக்கு வந்ததால்தான் இன்று புலனத்தில் யார் தமிழில் எழுதினாலும் எல்லாரும் வாசிக்கிறோம். பழைய எழுத்துருவில் கிடக்கும் கோப்புகள் உங்கள் கோயில் அலமாரியில் இன்னும் இருக்கும். ‘நாமா_தமிழ்’ புலத்தில் ஏற்றுவதற்கு முன் அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். எந்த மொழி, எந்த எழுத்து, ‘நோ_’ என்றால் என்ன வகை, ‘தாரிக்_’ என்றால் என்ன வகை, எதை முதன்மைத் திறவாக்குவது என்று எழுதி, செயலாளரின் கோப்பில் ஒரு பிரதியும் நிரலோடு ஒரு பிரதியும் வையுங்கள். நீங்கள் எனக்கு மாறாக ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தாலும் வருத்தமில்லை. முழுவதும் ஆங்கிலமாக இருக்கட்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் பெயர் மாற்றுகிறவர்கள் அவசரப்படாதீர்கள். தை மாதத்திலும் ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பும் கையே வைக்க வேண்டாம். முதலில் காப்பு நகல் எடுத்து அதை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். பிறகு அட்டவணைக்குப் புதிய பெயர் வைத்து, பழைய பெயரிலேயே ஒரு வியூ உருவாக்கி, பழைய புலப் பெயர்களை அதில் காட்டுங்கள். பொருளாளரின் எக்செல் கோப்பு அந்தப் பழைய பெயர்களைத்தான் நம்பியிருக்கும். புதிய கோப்பை அவரிடம் கொடுத்து, ஒரு மாதக் கணக்கை அதில் அவர் முடித்துக் காட்டிய பிறகு அந்த வியூவை நீக்குங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்த ஓர் அண்ணன்